இள வயதில் பிரஷர், படபடப்பு: மலைப்பகுதி வாசகர்களின் கேள்விகள்

வயது 27. உதகையில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். மருத்துவமனையில் 150/96. நண்பர் வீட்டு மெஷினில் 128/82. எதை நம்புவது?

ஒரே ஒரு தடவை பார்த்த அளவு என்றால் இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு வாரம் வீட்டிலேயே பாருங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். நம் ஊரில் பலர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு அதற்கு மேல் பட்டையைச் சுற்றுகிறார்கள். ஸ்வெட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பட்டை சின்னதாக இருந்தாலும் அளவு ஏற்றிக் காட்டும். வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்த கையோடு அளக்காதீர்கள், குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று எழுதி வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு சராசரி பார்த்து, 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பிரஷர்தான். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

கோத்தகிரியில் இலை பறிக்கும் வேலை, வயது 32. மழைக்காலத்தில் சளி, இருமல். இதுவரை இல்லாத பிரஷர் இப்போது 146/94 காட்டுகிறது.

என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. மூக்கடைப்புக்குத் தரும் பல மாத்திரைகளில் ஃபீனைலெஃப்ரின் போன்ற மருந்துகள் இருக்கும். அவை பிரஷரை ஏற்றும். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் தினமும் போட்டாலும் ஏறும். அப்புறம் அதிமதுரம். தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று வாரக்கணக்கில் கஷாயம் குடித்தால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். இவற்றை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவரானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கொடைக்கானல், கல்லூரி மாணவன். ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பை தூக்கத்தில் 54, மேடு ஏறினால் 140 என்று காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. இள வயதில் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடுவதும் விடும்போது குறைவதும்கூட இயல்பு. சமவெளியிலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்தால் முதல் சில நாள் துடிப்பு சற்றுக் கூடும். ஆனால் சும்மா இருக்கும்போதே 100-க்கு மேல் நீடித்தால் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும். திடீரென்று 150-க்கு மேல் தொடங்கி, திடீரென்று நின்றால், அது நடக்கும்போதே ஈ.சி.ஜி. எடுப்பது முக்கியம். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

குன்னூர், வயது 29. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

கர்ப்பத்தில் அந்த மாத்திரை சிசுவுக்கு ஆகாது. அதற்காக எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நிறுத்தாதீர்கள். லாபெட்டலால், நிஃபெடிபைன் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. முன்கூட்டியே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடலூர். என் மகனுக்கு 24 வயதுதான். 160/100 என்றார்கள். இந்த வயதில் மாத்திரை எதற்கு, உப்பைக் குறைத்தால் போதாதா?

அம்மா, உப்பைக் கட்டாயம் குறையுங்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. ஊறுகாய், கருவாடு, பேக்கரி சாமான் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் இந்த வயதில் இவ்வளவு பிரஷர் என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். சிறுநீரகம் கெட்டால் ஆரம்பத்தில் வலிக்காது, பிரஷர்தான் காட்டிக்கொடுக்கும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இரண்டு கையிலும் ஒரு காலிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கையில் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், பிறவியிலேயே குறுகியிருக்கலாம். பலமாகக் குறட்டை விடுவாரா என்பதையும் சொல்லுங்கள். காரணம் சிக்கினால், சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போவதும் உண்டு. அதுவரை கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அளவு 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால், மலைப்பாதையில் நீங்களே வண்டியில் கூட்டிக்கொண்டு போகப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.