“நல்ல ஐடியா” என்றவர்கள் பணம் கொடுப்பார்களா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர், மென்பொருள் எழுதுபவர்கள். மொத்த வியாபாரிகளுக்கு ஸ்டாக் பார்க்கும் ஆப் ஒன்று செய்யலாம் என்று எண்ணம். பத்து வியாபாரிகளிடம் சொன்னோம். எல்லோருமே “நல்ல ஐடியா, முடித்ததும் கொண்டு வாருங்கள்” என்றார்கள். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். மென்பொருள் கோடு எழுதவும் தொடங்க வேண்டாம். “முடித்ததும் கொண்டு வாருங்கள்” என்று சொல்ல அவர்களுக்குக் காலணா செலவில்லை. முகத்துக்கு நேரே ஆர்வத்தோடு விவரிக்கிறவரிடம் “இது எனக்கு வேண்டாம்” என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இன்னொன்று, “ஸ்டாக் பார்ப்பது” என்பது மிகப் பெரிய வட்டம். அதற்குள் எந்த இடத்தில் பணம் கசிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் பேசித் தெரிந்துகொள்வது கடினம், பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களில் ஒருவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, சரக்கு இறங்கும் நேரத்தில் ஒரு குடோனில் போய் நில்லுங்கள். பில்லில் 48 பெட்டி என்று இருக்கும், இறங்கியது 46 ஆக இருக்கும். குடோன் பொறுப்பாளர் பில்லின் ஓரத்தில் பென்சிலால் “–2” என்று எழுதிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். அந்த பில் கணக்காளரிடம் போகும்போது பென்சில் எழுத்து பாதி அழிந்திருக்கும். மாதக் கடைசியில் சப்ளையரிடம் கிரெடிட் நோட் (வராத சரக்கின் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) கேட்க வேண்டிய அந்த இரண்டு பெட்டியை யாரும் கேட்பதில்லை. நீங்கள் தேடும் பிரச்சினை அந்தப் பென்சில் குறிப்பு மாதிரியான ஒன்றாகத்தான் இருக்கும். ஆபீஸில் உட்கார்ந்து பேசும் முதலாளிக்கு அது நினைவிலேயே இருக்காது, அதனால் நேர்காணலிலும் வராது.

பார்த்த பிறகு பேசுங்கள். ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே அளவு வியாபாரம் உள்ள 15 முதல் 20 பேர் போதும். உங்கள் ஐடியாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. “இப்படி ஒரு ஆப் வந்தால் வாங்குவீர்களா?” என்ற கேள்வியே வேண்டாம். நடந்ததை மட்டும் கேளுங்கள்: கடைசியாகச் சரக்கு குறைந்து வந்தது எப்போது? அன்று யார், என்ன செய்தார்? அந்தத் தொகை திரும்பி வந்ததா? இதைச் சரிசெய்ய முன்பு ஆள் போட்டதோ மென்பொருள் வாங்கியதோ உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்காக ஒரு எக்செல் ஷீட்டாவது போட்டுப் போராடியிருந்தால் வலி உண்மையானது. எதுவுமே செய்யாமல் பல வருடம் ஓட்டியிருந்தால், உங்கள் ஆப் இல்லாமலும் ஓட்டுவார்.

இங்கே பலர் தடுக்கி விழுவது ஆள் விஷயத்தில். பணம் கொடுப்பவர் முதலாளி, தினமும் பயன்படுத்துகிறவர் குடோன் பொறுப்பாளர், வேண்டாம் என்று தடுக்கக்கூடியவர் கணக்காளர். குறைவைப் பதிவு செய்தால் பழி தன் தலையில் விழும் என்று பொறுப்பாளர் பயந்தால், ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் எதுவும் பதிவாகாது. மூவருக்கும் இதில் என்ன லாபம், என்ன பயம் என்று தனித்தனியாக எழுதிவையுங்கள்.

அடுத்தது, கையாலேயே செய்து பார்ப்பது. 1999-ல் ஜாப்போஸ் என்ற இணையச் செருப்புக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் செருப்பு வாங்கி அடுக்கிவைக்கவில்லை. கடைகளில் இருந்த ஜோடிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார், ஆர்டர் வந்த பிறகு கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். இணையத்தில் செருப்பு வாங்குவார்களா என்ற ஒரு கேள்விக்கு அதுவே போதுமான பதில். நீங்களும் மூன்று வியாபாரிகளை எடுத்துக்கொண்டு நான்கு வாரம் செய்யுங்கள். குறை உள்ள பில்லை மட்டும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாலையில் நீங்களே ஷீட்டில் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை, எந்த சப்ளையரிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்ற பட்டியலைக் கொடுங்கள். இலவசமாகச் செய்யாதீர்கள், பாதித் தொகையாவது முன்பணம் வாங்குங்கள். முன்பணம் கேட்ட அந்த நிமிடத்தில் வரும் பதிலில் தெரிவது இருபது நேர்காணலில் தெரியாது.

முதல் வாரத்திலேயே அடிக்கணக்கை எழுதி நீங்களும் வியாபாரியும் ஒப்புக்கொள்ளுங்கள்: போன மாதம் எத்தனை குறை, எவ்வளவு திரும்பி வந்தது, அதற்கு எத்தனை மணி நேரம் போனது. இரண்டு பேர் தினம் தலா மூன்று மணி நேரம் செலவிட்டால், 26 வேலை நாளுக்கு 156 மணி நேரம். இந்த எண் இல்லாமல் பிறகு விலை பேசவே முடியாது. மிச்சமாகும் தொகையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குள் விலை வைப்பது தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும் என்பது எங்கள் கருத்து.

இந்த நான்கு வாரத்தில் கட்டாயம் சிக்கல் வரும். படம் மங்கலாக இருக்கும். ஒரே பொருளுக்கு பில்லில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர், வாய்ப்பேச்சில் இன்னொரு பெயர். சப்ளையர் பெட்டிக் கணக்கில் எழுதுவார், குடோனில் எண்ணுவது பாக்கெட்டாக. பொருள் பட்டியலைச் சீராக்கவே பாதி நேரம் போகும். சலிக்காதீர்கள், எதற்குக் கோடு எழுத வேண்டும் என்பதை இந்தச் சலிப்பான வேலைதான் காட்டிக்கொடுக்கும். அதிகமாகத் திரும்பத் திரும்பச் செய்த ஒரு படியை முதலில் தானியங்கி ஆக்குங்கள், மற்றதெல்லாம் ஷீட்டிலேயே இருக்கட்டும். அவர்களின் கணக்கு மென்பொருளை மாற்றச் சொல்லாதீர்கள். அதிலிருந்து கோப்பு எடுத்து வேலை செய்தால் கணக்காளரின் எதிர்ப்பு பெருமளவு அடங்கும். குடோன் மூலையில் சிக்னல் இருக்காது என்பதால், இணையம் இல்லாமலும் பதிவாகி, பிறகு ஏறும்படி செய்யுங்கள்.

நிறுவுவதை வாடிக்கையாளரிடம் விடாதீர்கள். இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் ஆரம்பத்தில், சரி என்று சொன்னவரிடம் லிங்க் அனுப்பாமல், அவருடைய லேப்டாப்பை வாங்கி அங்கேயே போட்டுக்கொடுத்தார்கள். உங்கள் விஷயத்தில் பொருள் பட்டியலை ஏற்றிக்கொடுத்து, முதல் பத்து பில் பதிவாகும் வரை பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வாடிக்கையாளர் கேட்கும் வசதியைச் செய்யாதீர்கள். மூன்று பேர் ஒரே காரணத்துக்காகக் கேட்டால் செய்யலாம். இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆப் பராமரிக்கும் நிலை வந்துவிடும். விலகுகிறவர்களையும் எண்ணுங்கள்: மாதம் 5 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் அந்த வேகத்தில் வருடக் கடைசியில் தொடங்கியவர்களில் சுமார் 54 சதவீதம் பேர்தான் மிஞ்சுவார்கள்.

வேலையை எப்போது விடுவது? நேர்காணல் செய்த 20 பேரில் மூன்று பேர்கூட முன்பணம் தரவில்லை என்றால் பிரச்சினையை மாற்றுங்கள், சேமிப்பு அப்படியே இருக்கும். ஐந்து பேர் மூன்றாவது மாதமும் நினைவூட்டாமல் பணம் கட்டி, ஷீட் வேலை உங்கள் மாலை நேரத்தில் அடங்காமல் போனால், முதலில் ஒருவர் மட்டும் விடுங்கள். குடோனில் போய் நிற்கப் பொறுமை உள்ளவர் யாரோ, அவர்.