கலம் பாதி பாதியாகத் தேய்ந்துபோகாதா?

அன்புள்ள ஐயா,

நான் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்பவன். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ஒரு கலம் இரண்டாகப் பிரியும் முறையான இழையுருப்பிரிவைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அப்பா, ஒரு கலம் இரண்டாகி, இரண்டு நாலாகிக்கொண்டே போனால் உள்ளே இருப்பது ஒவ்வொரு தரமும் பாதியாகுமே, கடைசியில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கேள்வி பிழையா?

ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

பிழையே இல்லை. அந்தப் பிரிவின் நாலு அவத்தைகளின் (கட்டங்களின்) பெயரையும் ஒப்புவிக்கிற பல பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. மகளுக்கு வந்திருக்கிறது, எனக்கு அது பெரிய சந்தோசம்.

உங்கள் விதைநெல்லையே எடுத்துக்கொள்வோம். ஊறவைத்து, வடித்து, சாக்கால் மூடி வைக்கிறீர்கள். முளை வெடித்து வெள்ளையாக எட்டிப்பார்க்கும் வேரின் நுனியில், மிகச் சிறிய ஓர் இடத்தில்தான் கலங்கள் பிரிகின்றன. நெல்லின் கலத்தில், டீஎன்ஏயைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 24. பிரியும்போது 12, 12 என்று பங்கு போவதில்லை. அதற்கு முன்பே, ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவிலுள்ள இடையவத்தையில், கலம் புரதங்களைச் சேர்த்துப் பருத்து, தன் டீஎன்ஏ முழுவதையும் இரட்டித்து முடித்துவிடும். ஒவ்வொரு நிறமூர்த்தமும் ஒரே மாதிரியான இரண்டு இழைகள் ஒட்டிய சோடியாக நிற்கும். இழையுருப்பிரிவில் நடப்பது பங்கீடு மட்டும்தான். சோடிகள் நடுவில் வரிசைக்கு வரும். இரண்டு முனைகளிலிருந்தும் வரும் கதிர் நார்கள் ஒவ்வொரு சோடியையும் இரு பக்கமும் பிடிக்கும். ஒரே ஒரு சோடி சரியாகப் பிடிபடவில்லை என்றாலும், பிரிக்காமல் கலம் காத்திருக்கும். எத்தனை தரம் படித்தாலும் இந்தக் காத்திருப்பில் நான் நின்றுவிடுவேன். எல்லாம் பிடிபட்ட பிறகுதான் இழைகள் விலகும். இங்கே 24, அங்கே 24.

ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் கலம் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் எடுத்தால், இழையுருப்பிரிவுக்குப் போவது ஒரு மணி நேரம் அளவுதான். அந்த ஒரு மணி நேரத்தை நாலாக வெட்டிப் படிப்பித்துவிட்டு, மிச்சத்தை ஓய்வு என்று கடந்துபோகிறோம். அது ஓய்வல்ல, கலத்தின் வேலை நேரமே அதுதான். மகளின் குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்கும்.

இழையுரு என்ற சொல்லையும் அவளுக்குக் காட்டுங்கள். ஜேர்மன் உயிரியலாளர் வால்தர் பிளெமிங் சலமந்தர் குடம்பிகளின் கலங்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது நூல் நூலாகத் தெரிந்ததால், நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1882இல் மைற்றோஸிஸ் என்று பெயர் வைத்தார். நம் சொல்லும் அதே இழையைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்று. வேர் நீளுவது பிரிவினால் மட்டுமல்ல. நுனியில் பிறந்த கலங்கள் சற்றுப் பின்தங்கியதும், தமக்குள்ளே இருக்கும் பை போன்ற புன்வெற்றிடத்தில் தண்ணீரை நிரப்பிப் பல மடங்கு நீளும். பிரிவு எண்ணிக்கையைத் தருகிறது, நீளத்தைப் பெரும்பாலும் தண்ணீர் தருகிறது.

சரி, மகள் சொன்னது உண்மையாகவே நடக்கும் இடமும் ஒன்று உண்டு. மாரி மழைக்கு வயலில் தவளை இடும் முட்டை, கருக்கட்டியதும் வளராமலே பிரிந்துகொண்டு போகும். பந்தின் பருமன் அப்படியே இருக்கும், உள்ளே கலங்கள் சிறுத்துச் சிறுத்து ஆயிரக்கணக்காகும். மனித முளையமும் முதல் சில நாட்கள் அப்படித்தான். ஆனால் அங்கேயும் பங்கு போவது தாய் முட்டையில் சேர்த்து வைத்த குழியவுரு, அதாவது கருவைச் சுற்றியுள்ள கலப்பொருள், மட்டும். நிறமூர்த்தங்கள் ஒவ்வொரு தரமும் இரட்டித்த பிறகே பிரியும்.

ஒரு வெங்காயத்தைப் போத்தல் வாயில், அடிப்பக்கம் தண்ணீரில் தொடும்படி வைத்துவிடுங்கள். சில நாட்களில் வேர் வரும். அதன் நுனியைப் பாடசாலையில் சாயமிட்டு நசித்து நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். வெங்காயத்துக்கு 16 நிறமூர்த்தங்கள், பெரியவை, நெல்லைவிடத் தெளிவாகத் தெரியும். பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் எத்தனை, பிரியாமல் இருப்பவை எத்தனை என்று அவளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையை எனக்கும் எழுதட்டும்.