உஸ்லேயின் கறுப்புப் பட்டைகள்: ஐந்து நிமிடம் என்ன பேசுவது?

வணக்கம். ஸ்பானிய ஓவியர் ஹுவான் உஸ்லேயின் ஓவியம் வெறும் கறுப்புக் கோடுகளாகத்தான் தெரிகிறது, வகுப்பில் ஐந்து நிமிடம் எப்படி ஒப்பேற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 1954இல் சாந்தாந்தேர் நகரில் பிறந்தார், 1987இல் நியூயார்க் போனார், 2002இல் ஸ்பெயினின் தேசியக் கலைப் பரிசு பெற்றார் என்பதையெல்லாம் அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வாழ்க்கைக் குறிப்பை நீட்டினால் வகுப்பு தூங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய படம் 1997இல் தொடங்கிய 'சோன்யே கே ரெவெலாபாஸ்' என்ற ஓவிய வரிசையைச் சேர்ந்தது. இரவில், அமைதியில் வரைகிறார். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் தூரிகையை ஒருமுறை அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி, நிறுத்துகிறார். நின்ற இடத்தில் சாயம் மெல்லிய விளிம்பாகத் தேங்குகிறது. படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு பட்டையை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள்: அடர்த்தி, வெளிறல், மறுபடி அடர்த்தி. எந்த இரண்டு தூரிகைத் தீற்றலும் ஒரே அகலத்தில் இருக்காது. சில படங்கள் 274 x 203 சென்டிமீட்டர். ஆளைவிட உயரம். அத்தனையும் துடிப்புத் துடிப்பாக நிரப்பியது.

தலைப்பையும் விடாதீர்கள். 'சோன்யே கே ரெவெலாபாஸ்' என்றால் 'நீ வெளிப்படுத்துவதாகக் கனவு கண்டேன்'. அதே ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்கு ஃபிலிம் கழுவுவது என்றும் பொருள் உண்டு. பட்டைகள் ஃபிலிம் சுருள் மாதிரி தெரிவது சும்மா இல்லை!

பேசும்போது எல்லோரையும் மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும்.