புரோக்கர் இல்லாமல் ஓனரிடமே பேசி முதல் வீட்டை வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் முதல் வீடு வாங்கப் போகிறோம். புது ஃபிளாட்டுக்கு வசதியில்லை, பழையதுதான். புரோக்கரே இல்லாமல் ஓனரிடம் நேரடியாக வாங்கினால் சிக்கல் வருமா?

தாராளமாக வாங்கலாம். குரோம்பேட்டையில் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். ஆனால் கமிஷன் மிச்சம் என்ற ஒன்றை மட்டும் நினைத்து இறங்காதீர்கள். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு புரோக்கர் 1 முதல் 2 சதவீதம் கேட்டால் அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் வரும். அதே வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசுக்கு மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும். அந்தச் செலவுக்குப் பொதுவாக பேங்க் லோன் கிடைக்காது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக, மீதி 20 சதவீதமான 12 லட்சமும் இந்த 5 லட்சத்து 40 ஆயிரமும் கைக்காசாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு வீடு தேடக் கிளம்புங்கள்.

புரோக்கர் இருந்தால் பத்திரத்தை அவர் சரிபார்த்துவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை யாரும் அதைச் செய்வதில்லை. "டாக்குமெண்ட் எல்லாம் கிளியர் சார்" என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். அவர்கள் உண்மையில் செய்வது இரண்டுதான்: வீட்டைக் கண்டுபிடித்துக் காட்டுவது, வாங்குபவரும் விற்பவரும் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்படுவதை இடையில் நின்று சொல்வது. புரோக்கர் வேண்டாமென்றால் இந்த இரண்டையும் நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

தேடுவது அலைச்சல்தான், ஆனால் கஷ்டமில்லை. எந்த ஏரியா என்று முடிவு செய்துவிட்டு, சாயங்கால நேரத்தில் அந்தத் தெருக்களில் நடந்துபாருங்கள். வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர் இவர்களுக்குத் தெரியாமல் ஒரு ஃபிளாட் கைமாறாது. எங்களுக்கு வீட்டைச் சொன்னவர் இஸ்திரி போடுபவர். இணையத்தில் "ஓனர் டைரக்ட்" என்று வரும் விளம்பரங்களில் பாதிக்கு ஃபோன் அடித்தால் புரோக்கர்தான் எடுப்பார். "ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல சார் இருக்கு?" என்று கேட்டுப்பாருங்கள். ஓனர் பட்டென்று சொல்வார். மற்றவர் "கேட்டுச் சொல்றேன்" என்பார்.

ஓனரிடம் நேரில் பேசுவதன் பெரிய லாபமே, வீட்டின் கதை நேராக நம் காதுக்கு வருவதுதான். எங்கள் ஓனர் ரிட்டயர்டு ஆனவர், பெங்களூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்றார். காபி குடித்துக்கொண்டே, "ஏப்ரல் மே வந்தா போர் தண்ணி பத்தாது தம்பி, லாரி சொல்லணும். அசோசியேஷன்ல அதுக்குத் தனியா வசூல் பண்ணுவாங்க" என்று அவராகவே சொன்னார். இடையில் ஒரு புரோக்கர் இருந்திருந்தால் அந்தப் பேச்சு எங்கள் வரைக்கும் வந்திருக்காது.

இனி பேப்பர் வேலை. இங்கே காசு பார்க்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும். பேங்க் வக்கீல் பார்ப்பாரே என்று விடக்கூடாது, அவர் பார்ப்பது பேங்கின் கடனுக்கு ஆபத்து உண்டா என்பதை. புரோக்கருக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கை வக்கீலுக்குக் கொடுத்தாலே நல்ல லீகல் ஒப்பீனியன் கிடைத்துவிடும்.

வக்கீலிடம் போகும் முன் நீங்களே வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிடலாம். பதிவுத்துறையின் தளத்தில் இலவசமாகவே பார்க்க முடியும். சர்வே எண் போட்டு 30 வருடத்துக்குத் தேடினால் அந்த மனையில் பதிவானவை வரிசையாக வரும்: எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. மனை முழுவதற்கும் ஒரே சர்வே எண் என்பதால் அதே கட்டடத்தின் மற்ற ஃபிளாட்டுகள் விற்ற தொகையும் தெரிந்துவிடும். சிலர் அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கே பதிவு செய்திருப்பார்கள், அதனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனாலும் பேரம் பேசும்போது கையில் ஒரு பிடி கிடைக்கும்.

எங்கள் வீட்டில் எழுதிவாங்கியவர் என்று இருந்தது ஓனரின் மனைவி பெயர். அந்த அம்மா காலமாகிவிட்டார், உயில் இல்லை. ஓனருக்கோ தன் வீடுதான் என்ற நினைப்பு. அவர் ஏமாற்றவில்லை, நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் விட்டுவைத்திருப்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன மனைவி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. மகள் பெங்களூர், மகன் அமெரிக்கா. வாரிசுச் சான்றிதழ் வாங்கி மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மகன் தனக்குப் பதில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்புவதென்றால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். போதாததற்கு அவர் வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்குத் தொகையில் வரிப்பிடித்தமும் அதிகம்.

மகன் டிசம்பர் லீவுக்கு வந்தபோது மகனும் மகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். குடும்பத்துக்குள் என்பதால் அதற்குக் கட்டணம் குறைவு. அதன்பிறகுதான் எங்கள் கிரையம். அதுவரை காத்திருந்தோம். கமிஷனுக்காக அவசரப்படுத்த ஆள் இல்லாததும் ஒரு நிம்மதி.

"மூலப் பத்திரம் தொலைஞ்சு போச்சு, ஜெராக்ஸ் இருக்கு" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். ஒரிஜினல் எங்கேயாவது அடகில் இருக்கலாம், பதிவு செய்யாமல் வெளியில் வாங்கிய கடன் வில்லங்கத்தில் தெரியாது. வில்லங்கத்தில் பேங்க் பேரில் அடமானப் பதிவு இருந்தால், கடன் அடைந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். கடன் இன்னும் ஓடுகிறதென்றால் பயமில்லை. பாக்கி எவ்வளவு என்று அந்த பேங்கிடமே கடிதம் வாங்கி, அந்தத் தொகைக்கு டிடியை பேங்க் பேரிலேயே எடுங்கள். "பணத்தைக் குடுங்க, நான் அடைச்சுக்கறேன்" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

அப்புறம் பேரம். நேருக்கு நேர் உட்கார்ந்து "குறைச்சுக்கோங்க சார்" என்பது நிஜமாகவே சங்கடம்தான். அவர் காபி கொடுத்திருப்பார், பேரப்பிள்ளை படம் காட்டியிருப்பார். என் மனைவி இதில் கெட்டிக்காரி. விலையைப் பற்றி வாயே திறக்காமல், பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியதை, மாற்ற வேண்டிய வயரிங்கை, அதற்கு எலெக்ட்ரீஷியன் சொன்ன தொகையைத் தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டிப்பார்த்து, பாதியைக் குறைத்துக்கொண்டார்.

கொஞ்சம் கறுப்பாகக் கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கு அத்தாட்சி கிடையாது, லோனும் பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான். வீட்டுக்கான அட்வான்ஸை 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து ஓனரின் பான் எண்ணில் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. இதை விற்பனை ஒப்பந்தம் போடும்போதே ஓனரிடம் சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொன்னால் மனஸ்தாபம் வரும்.

அந்த ஒப்பந்தத்தையும் பத்திரத்தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பதிவு செய்யுங்கள். பதிவானால் வில்லங்கத்தில் ஏறிவிடும், அதே வீட்டை இன்னொருவர் விலைபேச வந்தால் அவர் கண்ணிலும் படும். லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். பிரிபடாத பாகம், அதாவது மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்பதும் தாய்ப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு வாங்குவதாக இருந்தால் இதெல்லாம் சரிவராது, நம்பகமான ஆளை வைத்துக்கொள்வதே மேல். உள்ளூரில் இருப்பவருக்கு நேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முடியும். பதிவு முடிந்த கையோடு சொத்துவரி, ஈபி, அசோசியேஷன் மூன்றிலும் பெயரை மாற்றிவிடுங்கள். ஓனர் பெங்களூருக்கு ரயிலேறிய பிறகு ஒரு கையெழுத்துக்காக அவரைத் தேடுவது பெரும்பாடு.