வாசகர் கேள்வி – பதில்: குழந்தை உரிமைச் சட்ட ஆய்வுகளின் தாக்கத்தை அளப்பது எப்படி?

கேள்வி: ஐயா, குழந்தை உரிமைச் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பற்றி நான் எழுதிய இரண்டு கட்டுரைகள் ஆய்விதழ்களில் வெளிவந்துள்ளன. உதவிப் பேராசிரியர் பணிக்கான விண்ணப்பத்தில், மேற்கோள்கள் எத்தனை, ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு, ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் என்ன என்று கேட்கிறார்கள். வேதியியலில் ஆய்வு செய்யும் என் தோழியின் எண்களுக்குப் பக்கத்தில் என் எண்களை வைத்தால், இத்தனை ஆண்டுகள் ஒன்றுமே செய்யாதவள் போலத் தோன்றுகிறது. இந்த எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன?
– ஆய்வு மாணவி, பெருங்குடி

பதில்: முதலில், வேதியியலோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். மேற்கோள் எண்ணிக்கையை ஒரே துறைக்குள், ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிவந்த கட்டுரைகளுக்கு இடையில் மட்டுமே ஒப்பிடலாம். துறை மாறினால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. சட்டக் கட்டுரையின் அடிக்குறிப்புகளில் பெரும்பகுதி சட்டப் பிரிவுகளுக்கும் தீர்ப்புகளுக்கும் போய்விடுகிறது. எஞ்சியவற்றிலும் நூல்களுக்கும் தொகுப்பு நூல் கட்டுரைகளுக்கும் பெரிய பங்கு உண்டு; ஆய்விதழ்களை மையமாக வைத்துக் கட்டப்பட்ட தரவுத்தளங்கள் அவற்றில் பலவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் தலா ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் ஐந்து. இரண்டே கட்டுரைகள் எழுதியுள்ள உங்களுக்கு, அவற்றை உலகமே மேற்கோள் காட்டினாலும், அது இரண்டைத் தாண்டாது. ஆகவே உங்களைப் பொறுத்தவரை அந்த எண் எழுதிய கட்டுரைகளின் அளவைத்தான் சொல்கிறது, தாக்கத்தை அல்ல.

இம்பாக்ட் ஃபேக்டர் இன்னும் பொருந்தாதது. ஓர் ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. நீங்கள் எழுதிய 15-ஆம் பிரிவையே எடுத்துக்கொள்வோம். பதினாறு வயது நிறைந்து பதினெட்டு நிறையாத ஒருவர் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்பதற்கான முதற்கட்ட மதிப்பீட்டை இளைஞர் நீதிக் குழுமம் செய்ய வேண்டும் என்பது அந்தப் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 15. அந்த மதிப்பீட்டை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது 2022 ஜூலையில், பருண் சந்திர தாக்கூர் வழக்கில்; குழுமத்தில் குழந்தை உளவியலில் தகுதி பெற்றவர் இல்லாவிட்டால் உளவியலாளரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று அத்தீர்ப்பு கூறியது. 2016-இல் இதைப் பற்றி ஒருவர் மிகச் சிறந்த கட்டுரை எழுதியிருந்தாலும், இம்பாக்ட் ஃபேக்டரின் இரண்டாண்டுக் கணக்கு 2018-லேயே முடிந்துவிட்டிருக்கும். நீதிமன்றத்துக்கு அந்தக் கட்டுரை தேவைப்படும் காலம் அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. தனிக் கட்டுரையின் தரத்துக்கு ஆய்விதழின் எண்ணைப் பதிலியாக வைக்கக் கூடாது என்று, ஆய்வு மதிப்பீடு குறித்து 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் தெளிவாகவே சொல்கிறது. விண்ணப்பத்தில் விளக்கக் குறிப்புக்கு இடம் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டத் தயங்க வேண்டாம்.

இந்த மேற்கோள் கணக்கின் வரலாற்றைச் சட்டம் படிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அதன் மூல வடிவம் சட்டத் துறையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1873-இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன என்பதைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். வழக்கறிஞர்கள் அந்தக் குறிப்புச் சீட்டுகளைத் தங்கள் தீர்ப்புத் தொகுதிகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1955-இல் யூஜின் கார்ஃபீல்ட் அறிவியல் கட்டுரைகளுக்கும் மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். அறிவியல் மேற்கோள் அட்டவணையும் இம்பாக்ட் ஃபேக்டரும் அதன் வழி வந்தவை. ஆனால் வரும் வழியில் ஒன்று விடுபட்டுப்போனது. ஷெப்பர்டின் அட்டவணை, பிந்தைய தீர்ப்பு முந்தையதைப் பின்பற்றியதா, வேறுபடுத்திக் காட்டியதா, ரத்து செய்ததா என்பதை ஓரெழுத்துக் குறியால் பக்கத்திலேயே காட்டியது. அறிவியல் அட்டவணையில் அந்தக் குறிகள் இல்லை. எண்ணிக்கை மட்டும் நின்றது. நம் துறைக்குத் தேவை விடுபட்ட அந்தப் பாதிதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கட்டுரையை ஏழு பேர் மேற்கோள் காட்டியிருந்தால், அந்த ஏழு இடங்களையும் திறந்து படியுங்கள். போகிற போக்கில் பெயர் சொல்லப்பட்டதா, உங்கள் வாதம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, உங்கள் வாதத்தின் மேல் புதிதாக ஒன்று கட்டப்பட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். காரணங்களோடு மறுக்கப்பட்ட ஒரு கட்டுரை, பத்துப் பேர் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்த கட்டுரையைவிட ஆழமாகத் துறைக்குள் இறங்கியிருக்கிறது.

அடுத்தது, யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. அதைப் பற்றி பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த பேராசிரியர் லாரா லண்டி 2007-இல் எழுதிய கட்டுரை வெளிவந்தது ஒரு கல்வியியல் ஆய்விதழில். சட்ட இதழ்களை மட்டும் தேடுபவரின் கண்ணுக்கு அது படாமலே போயிருக்கலாம். குழந்தைக்கு இடம், குரல், கேட்பவர், செல்வாக்கு ஆகிய நான்கும் வேண்டும் என்ற அதன் சட்டகத்தை, 2015-இல் அயர்லாந்து அரசு குழந்தைகளின் பங்கேற்புக்கான தன் தேசியக் கொள்கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1992-இல், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் விளக்கியது யுனிசெஃப் வெளியிட்ட ஒரு சிறு நூலில். அதற்கு இம்பாக்ட் ஃபேக்டர் என்ற ஒன்றே கிடையாது. ஆனாலும் இத்துறையில் அந்த ஏணியைச் சந்திக்காமல் யாரும் படித்து முடிப்பதில்லை.

நீதிமன்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் ரோப்பர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, பெரும்பான்மைத் தீர்ப்பு ஸ்டைன்பர்க், ஸ்காட் இருவரும் 2003-இல் ஓர் உளவியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரையை எடுத்தாண்டது. எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியாவோ, தமக்குச் சாதகமான ஆய்வுகளையே பெரும்பான்மையினர் பொறுக்கியெடுத்தார்கள் என்று கடுமையாகச் சாடினார். எந்தத் தரவுத்தளத்தின் எண்ணிலும் இந்த மோதல் தெரியாது. தீர்ப்பைப் படித்தால்தான் தெரியும்.

நம் நாட்டுத் தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் தளத்தில் உங்கள் பெயரையும் கட்டுரைத் தலைப்பின் ஒரு பகுதியையும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அதோடு நிறுத்தாமல் சட்ட ஆணைய அறிக்கைகளையும் புரட்டுங்கள். வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகள் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளாக மாறுவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சபரி வழக்கிலும் 2021-இல் விஜயலட்சுமி வழக்கிலும் கவலை தெரிவித்தது. பாலுறவுக்கான இசைவு வயது குறித்த சட்ட ஆணையத்தின் 283-ஆவது அறிக்கை 2023-இல் வந்தது. இப்படிப்பட்ட ஆவணங்களில் வரும் ஒரே ஓர் அடிக்குறிப்பு, கூகுள் ஸ்காலரில் வரும் பல மேற்கோள்களைவிட உங்கள் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.

கேள்வி: பதினாறு வயதினரைப் பெரியவர்களாக விசாரிக்கக் கூடாது என்று 2014-15-இல் எத்தனையோ ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறிவிட்டது. அப்படியானால் அந்த எழுத்துகளின் தாக்கம் சுழியம் என்றுதானே கணக்கிட வேண்டும்?
– குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் உறுப்பினர், புரசைவாக்கம்

பதில்: இல்லை. சட்ட முன்வரைவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, 2015 பிப்ரவரியில் அளித்த 264-ஆவது அறிக்கையில், அந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கும் குழந்தை உரிமை உடன்படிக்கைக்கும் முரணானது என்று கருதி அதை ஏற்க மறுத்தது. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. வாக்கெடுப்பின் முடிவையே தாக்கமாகக் கொண்டால் அந்த உழைப்பு முழுவதும் காணாமல் போகும். ஒரு வாதம் நிலைக்குழுவின் அறிக்கைக்குள் நுழைந்ததும், அரசு அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்ததும் தாக்கம்தான். சென்னை கெல்லீஸில் உள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் ஒரு பையனுக்காக வாதாடும் வழக்கறிஞர், இன்றும் அந்த எழுத்துகளிலிருந்து காரணங்களை எடுக்க முடியும். தோற்ற வாதங்களையும் அளவீட்டில் சேர்க்க வேண்டும் என்று இத்துறையில் நாம் வற்புறுத்த வேண்டும், ஏனெனில் குழந்தைகளுக்கு வாக்கில்லை. அவர்கள் சார்பில் எழுதப்படுபவை உடனே வெல்வது அரிது.

கேள்வி: குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறித்துத் தமிழில் எழுதிய கட்டுரைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லையே, என்ன செய்வது?
– சட்டக் கல்லூரி ஆசிரியர், தாம்பரம்

பதில்: ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களிலும் தமிழ் ஆய்விதழ்களுக்கு இடம் மிக மிகக் குறைவு; அவற்றில் சுழியம் என்று வந்தால் அது அந்தத் தரவுத்தளங்களின் எல்லை, உங்கள் கட்டுரையின் குறை அன்று. அளவீட்டு முறைகள் குறித்து 2015-இல் வெளியான லைடன் அறிக்கை, உள்ளூர் முக்கியத்துவம் உள்ள ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பதைத் தன் பத்து நெறிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. உங்கள் கட்டுரை பயிற்சிக் கையேட்டிலோ, குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கான வகுப்பிலோ, ஒரு மனுவிலோ பயன்பட்டிருந்தால், அதற்கான ஆவணத்தை அப்போதே வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கூகுள் ஸ்காலர் தமிழ்க் கட்டுரைகளையும் திரட்டும், ஆனால் எழுத்துகளை அதனால் படிக்க முடிய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு பிடிஎஃப் ஆக்கிய கட்டுரை, திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான். பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி, ஆய்விதழின் அனுமதி பெற்று, கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் தலைப்பையும் சுருக்கத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து ஏற்றுங்கள். உங்கள் பெயரை எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே தலைப்பெழுத்தோடு எழுதுங்கள். தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்தால், தரவுத்தளம் உங்களை இரண்டு ஆட்களாகப் பிரித்து, மேற்கோள்களையும் பங்கு போட்டுவிடும்.