சிங்குக்குக் கீழே ஊதிப்போன கதவு

சிங்க் அலமாரிக் கதவின் அடி விளிம்பு ஊதி, சன்மைக்காவும் பிரிந்துவிட்டது, மேலேயே பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சீக்கிரமே உரிந்துவிடும். முதலில் கசிவை நிறுத்துங்கள். அப்புறம் கதவைக் கழற்றி நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள்.

இந்தக் கதவுகள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அது ஊதினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. நகத்தால் கீறிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் புதுக் கதவுதான் வழி. பழையதில் உழைப்பைக் கொட்டாதீர்கள். கெட்டியாக இருந்தால் மேட்டை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பள்ளத்தை எம்-சீல் போன்ற எபாக்ஸியால் (பிசைந்து வைத்தால் இறுகும் பசை) அடையுங்கள். சுவர்ப் பட்டி ஈரத்தில் நிற்காது. பிரிந்த சன்மைக்காவுக்கு இரு பக்கமும் ரப்பர் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள்.

பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் துடைத்து, காய்ந்ததும் 220 நம்பர் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். லேமினேட்டில், அதாவது சன்மைக்காவில், பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் பிரைமரையே (பெயின்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) கேட்டு வாங்குங்கள். கதவின் உள்பக்கம் கொஞ்சம் அடித்து, மறுநாள் செல்லோடேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். பிரைமர் உரிந்து வராவிட்டால் சரி, கதவு முழுக்க அதை அடித்துக் காய்ந்ததும் ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிய இரண்டு கோட் எனாமல் போதும். அடி விளிம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.