வயது 31, ஏ.எம்.ஹெச். 2.8, கிடைத்தது மூன்றே கருமுட்டை: ஏன்?

கேள்வி: எனக்கு வயது 31. ஏ.எம்.ஹெச். (ஓவரியில் முட்டை இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) 2.8. ஸ்கேனில் இரண்டு ஓவரியிலும் சேர்த்து 14 ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சிறு பை) தெரிந்தன. ஆனால் ஐ.வி.எஃப். முதல் சுற்றில் மூன்று முட்டைதான் எடுக்க முடிந்தது. முட்டையின் தரம் சரியில்லை, தான முட்டைக்குப் போகலாம் என்கிறார்கள். இந்த வயதில் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். ஆனால் மூன்று என்பது எண்ணிக்கை. அதை வைத்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது. தரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது வயது. 31 வயதில் கிடைக்கும் மூன்று முட்டைக்கும் 41 வயதில் கிடைக்கும் மூன்று முட்டைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முதலில் ஒரு சின்னச் சந்தேகம். 2.8 எந்த அலகில்? ஒரு மில்லிக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு சுமார் 7.14 பிகோமோல். உங்கள் அறிக்கை பிகோமோலில் இருந்தால் 2.8 என்பது வெறும் 0.4 நானோகிராம், கதையே மாறிவிடும். 14 ஃபாலிக்கிள் தெரிந்திருப்பதால் நானோகிராம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அறிக்கையை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2016-இல் வந்த பொசைடன் வகைப்பாடு, முட்டை வளரப் போடும் ஊசிக்கு ஓவரி சரியாக ஈடுகொடுக்காத 35 வயதுக்குட்பட்டவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஏ.எம்.ஹெச். 1.2-க்குக் கீழும் ஃபாலிக்கிள் 5-க்குக் கீழும் இருப்பவர்களுக்கு முட்டை இருப்பே குறைவு. எண்டோமெட்ரியோசிஸ் கட்டியை ஓவரியிலிருந்து உரித்தெடுத்த அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு, எஃப்.எம்.ஆர்.1 மரபணு மாற்றம், டர்னர் மொசைக் (சில செல்களில் மட்டும் ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவது), புகைப்பழக்கம் ஆகியவை அதற்குக் காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. நீங்கள் மற்ற வகை: இருப்பு போதுமானது, கைக்கு வந்தது குறைவு. அப்படியானால் நடுவில் எங்கோ நழுவியிருக்கிறது. எங்கே என்பது உங்கள் ஸ்கேன் பதிவிலேயே இருக்கும். ஒவ்வொரு ஸ்கேனிலும் எழுதிய ஃபாலிக்கிள் அளவுகள், தினசரி ஊசி அளவு, டிரிக்கர் (முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி) போட்ட நேரம், முட்டை எடுத்த நேரம் எல்லாம் உள்ள அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசி ஸ்கேனை மட்டும் பாருங்கள். 14-இல் நாலைந்துதான் வளர்ந்து, மற்றவை 8, 9 மி.மீ.யிலேயே நின்றிருந்தால் கோளாறு வளர்ச்சிக் கட்டத்தில். ஃபாலிக்கிளை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். ஊசியின் அளவு போதாமல் இருந்திருக்கலாம். உடல் எடை கூடுதலானவர்களுக்கு 150 யூனிட் பல நேரம் பற்றாது. சிலருக்கு மரபணு மாறுபாட்டால், எஃப்.எஸ்.ஹெச். வந்து ஒட்டும் ஏற்பிப் புரதத்தின் 680-ஆம் இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் இருக்கும். அதே ஓவரியை எழுப்ப அவர்களுக்குக் கூடுதல் மருந்து வேண்டும். இதற்கான சோதனையை விட முதல் சுற்றின் பதிவே உங்கள் டாக்டருக்கு அதிகம் சொல்லும். உடம்பின் சொந்த ஹார்மோனை முதலில் அடக்கிவிட்டு ஊசி தொடங்கும் நீண்ட முறையில், முட்டை வளர்ச்சிக்கு உதவும் எல்.ஹெச். ஹார்மோன் அளவுக்கு மீறி அடங்கிப்போவது இன்னொரு காரணம். அடுத்த சுற்றில் முறையை மாற்றுவதோ எல்.ஹெச். சேர்ப்பதோ பேசத் தகுந்தது. ஆனால் ஒரு நாளைக்கு 300 யூனிட்டைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போவதால் பொதுவாகப் பலன் இல்லை, செலவுதான்.

ஊசி போட்ட விதத்தையும் விட்டுவிடக் கூடாது. பேனா ஊசியில் 225 திருப்பி அழுத்தினீர்கள், உள்ளே 150-தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தி முடித்ததும் சாளரத்தில் 0 வராது. 75 என்று நிற்கும். அந்த 75-ஐப் புதுப் பேனாவிலிருந்து போட வேண்டும். இதைக் கவனிக்காமல் விடுவது நாம் நினைப்பதைவிடச் சகஜம். அழுத்தியபின் 10 விநாடி ஊசியைத் தோலிலேயே வைத்திருக்காவிட்டாலும் மருந்து வெளியே சொட்டிவிடும்.

மாறாக, பத்துப் பதினொன்று 16–18 மி.மீ. வரை வளர்ந்தும் முட்டை மூன்றுதான் என்றால், சந்தேகம் டிரிக்கர் மேல் விழ வேண்டும். முட்டை ஃபாலிக்கிள் சுவரிலிருந்து விடுபட்டு முதிர, டிரிக்கருக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையில் 34 முதல் 36 மணி நேரம் வேண்டும். இரவு 10 மணிக்குப் போட வேண்டியதை 12-க்குப் போட்டுவிட்டுக் முட்டை எடுக்கும் நாள் காலையில் முதலில் சொன்ன அதே நேரத்துக்குப் போய்ப் படுத்தால் கணக்கு இடிக்கலாம். ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனை டிரிக்கராகப் போட்டிருந்தால் மறுநாள் ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. பார்த்தாலே மருந்து உடம்பில் ஏறியதா என்று தெரிந்துவிடும். வேறு வகை டிரிக்கர் என்றால் எல்.ஹெச். பார்ப்பார்கள். அடுத்த முறை இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு கட்டத்திலும் குறையே தெரியாமல் போவதும் உண்டு. ஒரே பெண்ணுக்கு ஒரே அளவு மருந்தில்கூடச் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை மாறும்.

டி.ஹெச்.இ.ஏ. ஹார்மோன் மாத்திரை, வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்று கூடுதலாக எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டி, முட்டை குறைவாகக் கிடைப்பவர்களுக்கும் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

தான முட்டைப் பேச்சை இப்போதே எடுப்பது அவசரப்படுவது. அளவையும் முறையையும் மாற்றி, டிரிக்கரைச் சரிபார்த்து இன்னொரு சுற்று போனபின் எத்தனை முட்டை, அதில் எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவானது என்று மூன்று எண்களையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவைப் பிறகு பேசலாம்.